எண் 40718

மூன்றாம் வாரம்.
ஆஸ்பத்திரி வாசலில் மழை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பிரின்ஸ் ரூபர்ட்டில் அதற்கு விடுப்பே கிடையாது.
ஏஜென்ட் அனுப்பிய டாக்சி. ஏஜென்ட் தந்த செருப்பு.
கோதுமை ஏற்றிய என் கப்பல்
இந்நேரம் கோபேயில் வயிற்றைக் காலிசெய்துகொண்டிருக்கும்.

மேஜைமேல் போன், ஸ்பீக்கரில்.
‘வணக்கம் ஐயா, மொழிபெயர்ப்பாளர், எண் 40718.
நீங்கள் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன்.
ஒண்டும் கூட்டமாட்டன், ஒண்டும் குறைக்கமாட்டன்.’
அக்கரைப் பேச்சு.
டொரொன்டோவாக இருக்கலாம். பின்னால் குக்கர் ஒரு விசில் அடித்தது.
பேரைக் கேட்டேன். சொல்லக் கூடாதாம்.

டாக்டர் லின்ட்ஹோம் குளிர்ந்த வட்டத்தை முதுகில் வைத்தார்.
இழு. விடு. இழு.
வலப்பக்கம் அடியில் இன்னும் சரசரப்பு,
யாரோ உப்புத்தாளைத் தேய்ப்பதுபோல்.
விரல் கவ்வியில் தொண்ணூற்று நான்கு;
போன வாரம் தொண்ணூற்று ஒன்று.
எக்ஸ்ரேயில் மேகம் கொஞ்சம் கலைந்திருக்கிறதாம்.
ஜன்னலுக்கு வெளியே அப்படித் தெரியவில்லை.

எப்படி விழுந்தாய், இன்னொரு முறை சொல்.
சொன்னேன்:
‘லாஞ்சு ஏணிகிட்ட அணைஞ்சுது. கச்சான் திரும்பிருச்சு.
நீவாடு எதிர. ஒரே தூக்கு, கவுந்துருச்சு.’
போனில் சத்தமில்லை.
‘மன்னிக்கோணும் ஐயா, எங்கட ஊரில கச்சான் எண்டால் நிலக்கடலை.’
‘எங்களுக்கு மேகாத்து, அம்மா.’
மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன்.
சிரிப்பு இருமலாய் முடிந்தது.
டாக்டர் இருமலை மட்டும் எழுதிக்கொண்டார்.

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள்.
என் இங்கிலீஷ் கப்பல் இங்கிலீஷ்:
ஹீவ் அப், லெட் கோ, எஸ் சார்.
ஆனாலும் ‘ஐ’ தெரியும்.
‘அவன்’ என்று சொல்லக் கூடாது, ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்,
அது அவர்கள் விதி.
ஐ. அவள் விழுகிறாள்.
ஐ. எட்டு டிகிரித் தண்ணீர் அவள் வாய்க்குள் போகிறது.
லைஃப் ஜாக்கெட்டின் வார் அவள் கழுத்தில் சுற்றுகிறது.
ரொமெலின் கை அவள் கையிலிருந்து வழுக்குகிறது.
எங்கோ ஒரு சமையலறையில்
முகம் தெரியாத ஒருத்தி
பதினோரு நிமிடம் எனக்காக மூழ்கிக்கொண்டிருந்தாள்.
நான் நாற்காலியில்
நனையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரொமெல் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.
அது வேறு ஃபைல்.

தூக்கம்? வருது. பசி? பரவாயில்ல.
குளியல்?
அதை ஏன் கேட்டார் தெரியவில்லை. வாடையாக இருக்கலாம்.
ஈரத் துண்டால் துடைத்துக்கொள்கிறேன்.
ஷவரைத் திருகினால் உடம்பு மூச்சைப் பிடித்துக்கொள்கிறது,
நான் விடச் சொன்னாலும் விடுவதில்லை.
கஸ்பார் மொத்தா, கடல்காரன் மகன்,
கடலில் விழுந்து எழுந்து
ஒரு குழாய்க்குப் பயப்படுகிறான்.
அதையும் சொன்னேன், தரையைப் பார்த்தபடி.

அவள் உடனே சொல்லவில்லை.
‘மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நிமிஷம் வேணும்’
என்று இரண்டு மொழியிலும் கேட்டாள்.
எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
டாக்டர் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
குக்கர் எப்போதோ அணைந்திருந்தது.
பிறகு, மெல்ல, ‘ஐ’.
மூன்று வாரமாய் அவளும் குளிக்கவில்லை.

வாளித் தண்ணீரில் தொடங்கச் சொன்னார் டாக்டர்:
முதலில் பாதம், ஒரு வாரம் கழித்து முழங்கால்,
தலைக்கு அவசரமில்லை.
அடுத்த தேதி பதினெட்டு, பத்தே கால்.
அன்றைக்கும் நீங்கள்தானா என்றேன்.
‘சொல்லேலாது ஐயா. ஆர் எடுக்கினமோ அவை.’
வைக்கும் முன்பு,
ஒன்றும் கூட்டமாட்டேன் என்றவள்
டாக்டர் சொல்லாத ஒரு சொல்லைக் கூட்டினாள்:
‘கவனம்.’

டாக்சிக்கு இன்னும் நேரமிருந்தது.
எதிர்க் கடையில் தோலோடு கடலை, ஒரு பை, நான்கு டாலர்.
மெதுவாய் மென்று விழுங்கச் சொல்லியிருந்தாள் நர்ஸ்.
தாழ்வாரத்தில் நின்று
ஒவ்வொன்றாய் உடைத்து
மேற்குக் காற்றைத் தின்றேன்.